வட்டியில்லாத கடனும் ரெண்டு கிளாஸ் ஜிகர்தண்டாவும்

கடன் இருக்கிற வீட்டுக்கு அறிவுரை மட்டும் தட்டுப்பாடில்லாமல் வந்துகொண்டே இருக்கும். "வெளியில டீ குடிக்கிறத நிறுத்துனாலே பாதிக் கடன் அடைஞ்சிரும்" என்று சொல்லாத ஆள் எங்கள் சொந்தபந்தத்தில் கிடையாது. என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ரெண்டு டீ குடிப்பார், பசித்தால் ஒரு வடை. மாசம் ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 12,000. எங்கள் கடன் அப்போது மொத்தமாக 5,10,000. வட்டி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, டீயை மட்டும் நிறுத்தி இதை அடைப்பதென்றால் 42 வருஷம் ஆகும். டீ குடிக்காத அந்த மனுஷனோடு 42 வருஷம் குடும்பம் நடத்துவதற்கு நான் கடனோடேயே இருந்துவிட்டுப் போவேன்.

டீக்கணக்கில் எனக்குக் குழப்பமே இல்லை. சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை, எவ்வளவோ குறைத்திருக்கிறோம். ரொம்ப நாளாக மனசைக் குடைந்துகொண்டிருந்தது இன்னொரு கேள்வி. கடன்பட்டவர்கள் சின்னதாக ஒரு சந்தோஷத்தை அனுபவிக்கும்போது, கடன் கொடுத்தவருக்கு அதில் ஏதாவது பாத்தியதை உண்டா? அவர் கண்ணில் படாமல் அனுபவிக்க வேண்டுமா, இல்லை கடன் தீரும்வரை அனுபவிக்கவே கூடாதா? பணத்தைத் திருப்பித் தருவேன் என்றுதானே வாங்கினேன், வாயைக் கட்டுவேன் என்றா வாங்கினேன் என்பதுதான் முதலில் என் கட்சி. அது அப்படியே நிற்கவில்லை.

மூன்று கடன், மூன்று குணம்

மாமனாருக்கு இதய ஆபரேஷன், அடுத்த எட்டு மாசத்துக்குள் நாத்தனார் கல்யாணம். கடன் எப்படி வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒரு வங்கியில் தனிநபர் கடன் 3,00,000. கிரெடிட் கார்டில் 60,000. என் வீட்டுக்காரரின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா, திருமங்கலத்தில் இருக்கிறார். அவர் கொடுத்தது 1,50,000. "கையில வரும்போது குடுங்கப்பா" என்று சொல்லிக் கொடுத்தார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது.

தனிநபர் கடன் 14 சதவீதம், 5 வருஷம், மாசம் 6,980 ரூபாய். முதல் மாசத் தவணையில் 3,500 வட்டிக்கே போய், அசலில் 3,480 கழிந்தது. வெளியில் "ரெண்டு வட்டி"க்கு வாங்கினால் வருஷத்துக்கு 24 சதவீதம் ஆகும், அதற்கு இது தேவலை. காலையில் 900 வாங்கி சாயங்காலம் 1,000 கொடுக்கிற மார்க்கெட் வியாபாரிகளை நினைத்தால், எங்கள் கடனையெல்லாம் கடன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பை நிறையச் சில்லறையோடு சாயங்காலம் பைக்கில் வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

உண்மையான ராட்சசன் கிரெடிட் கார்டு. மாசம் 3.5 சதவீதம். 60,000-க்கு ஒரு மாச வட்டி 2,100, அந்த வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 378, ஆக 2,478. "குறைந்தபட்சம் 3,000 கட்டினால் போதும்" என்று பில்லில் போட்டிருப்பான். நாமும் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். அசலில் கழிந்தது 522 ரூபாய். பாக்கி வைத்திருக்கும்வரை, புதிதாக ஒரு சோப்பு வாங்கினாலும் அதற்கு அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரியே என் தோட்டையும் ரெண்டு வளையலையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்போது வங்கியில் நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்தார்கள். எங்களுக்கு 60,000 போதும், வட்டி 9 சதவீதம். வருஷத்துக்கு 29,000-க்கு மேல் வட்டி தின்றுகொண்டிருந்த கடன் 5,400-க்கு அடங்கியது. கார்டைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். அதுவும் ஒரு சந்தோஷம்தான், செலவில்லாதது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. பெரிய வட்டியை முதலில் அடை, அவ்வளவுதான்.

மிஞ்சிய ரெண்டில்தான் சிக்கல்.

விளக்குத்தூண்

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் எடுக்க மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் போயிருந்தோம். அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில், ரெண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கியவர்களுக்குத்தான் தெரியும், ஜிகர்தண்டா கடையைத் தாண்டிப் போவது எவ்வளவு பெரிய தவம் என்று. நாலு பேருக்கு ரெண்டு கிளாஸ் வாங்கினோம். அடியில் கடல்பாசி, அதன்மேல் சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே மஞ்சளாக ஒரு கரண்டி ஐஸ்கிரீம். என் மகன் ஸ்பூனை அடிவரை விட்டுப் பாசியை மட்டும் தனியாக மேலே இழுத்துச் சாப்பிடுவான். அதை அவன் அக்கா பிடுங்குவாள். இந்தச் சண்டையில் கிளாஸ் சாய்ந்து என் சேலையில் கொட்டி, நான் தலைப்பைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரில் சின்ன மாமா நிற்கிறார். கையில் துணிப்பை. அவரும் எதற்கோ கடைவீதிக்கு வந்திருக்கிறார்.

"என்னத்தா, ஜிகர்தண்டா ஓடுதாக்கும்?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மகளின் கன்னத்தைத் தட்டினார், எந்த வகுப்பு என்று கேட்டார். "சித்தப்பா, நீங்களும் ஒண்ணு குடிங்க" என்று என் வீட்டுக்காரர் கடைக்காரரிடம் திரும்பும்போது, "வேணாம்ப்பா, சுகரு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த "ஓடுதாக்கும்" இருக்கிறதே, அது எனக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரு சும்மா கேட்டாரு, நீயா எதையாச்சும் நினைச்சுக்காத" என்றார் இவர். சும்மா கேட்கிற மனுஷன் "வெயிலுக்கு நல்லதுதான்" என்று கேட்டிருக்கலாமே என்று நான்.

அதற்குப் பிறகு எங்களுக்கே தெரியாமல் ஒரு ஒழுக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. திருமங்கலம் போகிற நாளில் பழைய சேலை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டினால் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் கிடையாது, அல்லது சித்தப்பா குடும்பத்தை மட்டும் மறைத்துவிட்டு. "லீவுக்கு எங்கத்தா போனீக?" என்று சின்ன அத்தை கேட்டால் "எங்கயும் போகல அத்த" என்று பதில், அழகர்கோயில் போய்ப் புளியோதரை சாப்பிட்டு வந்த மறுநாள்கூட. வங்கி மேனேஜர் என்னை ஜிகர்தண்டா கடையில் பார்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அவரும் பக்கத்தில் நின்று ஒன்று குடிப்பார். மாசம் 5-ஆம் தேதி பணம் கழிந்துவிட்டால், மிச்ச நாளில் நான் என்ன குடிக்கிறேன் என்பது அவருக்குத் தேவையில்லை. 14 சதவீத வட்டிக்கு நாங்கள் வாங்குவது அந்த அலட்சியத்தையும் சேர்த்துத்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. வட்டியில்லாத கடனுக்குத்தான் விலை அதிகம், அதைத் தினமும் முகத்தால் கட்ட வேண்டியிருக்கிறது.

மொய் வைத்தால் மரியாதை

இதில் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது ஊரின் இன்னொரு கணக்கு. கடன்காரன் நூறு ரூபாய்க்கு ஜிகர்தண்டா குடித்தால் குத்தம். அதே கடன்காரன் கல்யாண வீட்டில் 2,000 ரூபாய் மொய் எழுதினால் "கஷ்டத்துலயும் செய்முறையை விடல பாரு" என்று பேர். எங்கள் வீட்டின் உண்மையான ஓட்டை டீ இல்லை, பூ இல்லை, செய்முறைதான், அதாவது விசேஷ வீடுகளுக்கு மொய்யும் சீரும் செய்வது. காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, பால்காய்ச்சு, கல்யாணம். பத்திரிகை வந்ததும் முதலில் தேடுவது மொய் நோட்டை. அவர்கள் நமக்கு என்ன செய்திருக்கிறார்கள்? 1,000 செய்திருந்தால் அதே 1,000-ஐத் திருப்பி வைக்க முடியாது, கூடப் போட்டுத்தான் வைக்க வேண்டும். நாம் கூடப் போட்டது நாளைக்கு அவர்கள் தலையில் ஏறும். வட்டி என்ற பேர் மட்டும்தான் அதற்கு இல்லை. இப்போது மொய்க்கு கம்ப்யூட்டர் பில்லே அடித்துக் கொடுக்கிறார்கள், ஊர், பேர், தொகை எல்லாம் அச்சில். குறைத்து வைத்துவிட்டு மறந்துபோச்சு என்று சொல்லவும் வழியில்லை.

மதுரைக்காரர்களை இதில் குறை சொல்லிப் பயனில்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணத்துக்கே மொய் எழுதி ரசீது வாங்குகிற ஊர் இது. அந்த மொய்யை மட்டும் நான் சந்தோஷமாக எழுதுவேன். நூறு ரூபாய் எழுதினாலும் அம்மன் திருப்பிக் கேட்பதில்லை, சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்தும் போடுகிறார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு, யாரிடம் திரும்பச் செய்ய வேண்டிய பாக்கி இருக்கிறதோ அங்கே மட்டும் போவது, புதிதாக யாரிடமும் செய்முறையை ஆரம்பிக்காமல் இருப்பது. சொல்வதற்கு எளிது. ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் மூன்று பத்திரிகை வந்து நின்றபோது இவர் ஆபீஸில் லீவு இல்லை என்று பொய் சொன்னார். ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு மூச்சு விடுகிற மாசம். ஊரே நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிற மாசத்தில்தான் எங்கள் வீட்டில் நாலு காசு மிஞ்சும்.

பூ, பஸ், குடல்

எதை விட்டோம், எதை விடவில்லை என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆப்பில் பிரியாணி ஆர்டர் போடுவதை விட்டோம். அது போனதில் துக்கமில்லை, ஆறிப்போய்த்தான் வரும். அதற்குப் பதில் என் அத்தை குடல் குழம்பை மறுபடி கையில் எடுத்தார். கறி விற்கிற விலைக்கு அரைக் கிலோ எடுக்க யோசிக்கிற வீட்டில், ஒரு செட் குடல் வாங்கினால் எல்லாருக்கும் போதும். வேலைதான் அதிகம். சுடுதண்ணியில் போட்டு, மஞ்சளும் உப்பும் தேய்த்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து அலச வேண்டும். அத்தை அதை யாரையும் தொடவிட மாட்டார். வாசல்படியில் உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் கழுவுவார். மிளகும் சோம்பும் அரைத்து ஊற்றி, குக்கரில் நாலைந்து விசில் வந்து, இட்லியோடு இலையில் விழுந்தால், ஊரில் எந்த முனியாண்டி விலாஸும் எங்களுக்கு வேண்டியதில்லை.

பஸ் கட்டணம் எங்களுக்குப் பெரிய மிச்சம். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். முன்னும் பின்னும் பிங்க் அடித்த பஸ் வருகிறதா என்று பார்த்து ஏறுவேன். வேலைக்குப் போய்வரும் செலவு மிச்சமானது ஒரு பக்கம். எங்காவது போகலாமா என்று தோன்றினால் யோசிக்காமல் கிளம்ப முடிகிறதே, அதுதான் பெரிசு. நாங்கள் இருப்பது கோ.புதூர். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்ததிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளோடு அங்கே போய்விடுகிறேன். ஏ.சி. குளிர், சுத்தமான கழிப்பறை, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, காசு கிடையாது. முதல் தடவை போனபோது என் மகள் "உள்ள போக டிக்கெட் எங்கம்மா வாங்கணும்?" என்று கேட்டாள். இத்தனை நல்ல இடம் சும்மா இருக்கும் என்று அவளால் நம்ப முடியவில்லை. காந்தி மியூசியமும் சும்மாதான். ஆனால் அங்கே காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்துவிட்டு மகன் ரெண்டு நாள் கேள்வி கேட்டே கொன்றான்.

பூவை விடவில்லை. விடவும் மாட்டேன். மதுரையில் பொறந்துவிட்டு மல்லிகையைச் செலவுக் கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வாங்குகிற விதத்தை மாற்றினேன். கட்டின பூவை முழம் போட்டு வாங்கினால், தெருமுனையில் அந்தம்மா எப்போதும் தன் முழங்கையைக் கொஞ்சம் மடக்கித்தான் அளப்பார். இப்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் போகிற அன்று உதிரியாக 100 கிராம் வாங்கிவந்து நானே கட்டுகிறேன். வாழைநாரைத் தண்ணியில் நனைத்துக் கிழித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, நாரை ஒரு சுற்று, கட்டைவிரலால் ஒரு அழுத்து. அழுத்தம் கூடினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் சரம் தொளதொளவென்று தொங்கும். மொட்டாகப் பறித்த பூ என்பதால் நாலு மணிக்குக் கட்டி வைத்தால், விளக்கு வைக்கிற நேரத்தில் வாய் திறக்கும். பங்குனி, சித்திரையில் பூ கொட்டிக் கிடக்கும், விலை கையைக் கடிக்காது. மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும்போது நான் கனகாம்பரத்துக்கு இறங்கிவிடுவேன். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின பூ, அதற்கும் கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்.

இதெல்லாம் சேர்ந்து மாசத்துக்கு என்ன மிச்சம் பிடித்தது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டுக்குக் கட்ட 5,000 தேறியது, அதில் பாதிக்கு மேல் செய்முறையைக் குறைத்ததில் வந்தது. பதிவு செய்த கம்பெனி, 20 மாசம், லட்ச ரூபாய் சீட்டு. ஏலத்தில் தொகையைக் குறைத்துத் தள்ளிக் கேட்டு முன்கூட்டி எடுக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். கடனுக்கு 14 சதவீதம் கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் சேர்க்கிறது முட்டாள்தனம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கையில் பணமே இல்லாத வீட்டில் ஃபேன் காயில் எரிந்தாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்பதை அவர்கள் சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை.

பூசாத மாடி

சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போனபோது திருமங்கலத்தில் சின்ன மாமா வீட்டில்தான் ராத்தங்கல். மறுநாள் காலையில் பிள்ளைகளின் துணியை அலசிக் காயப்போட மாடிக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நான் அந்த மாடிக்கு ஏறினதே இல்லை. மாமா மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கட்டின வீடு. கீழே எல்லாம் முடிந்து, சுவருக்கு நல்ல பெயிண்டு. மேலே ஒரே ஒரு அறை, செங்கல் செங்கலாக நிற்கிறது. உள்ளே பூச்சும் இல்லை, வெளியே பூச்சும் இல்லை. ஜன்னலுக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மூலையில் ரெண்டு சிமெண்ட் மூட்டை, மழைச்சாரல் பட்டு உள்ளே கல்லாகிவிட்டது, காலால் தள்ளினால் நகரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கான்கிரீட் கூரையில் ரெண்டு இரும்புக் கொக்கி, வரிசையாக, நாலடி இடைவெளியில். துருப்பிடித்து, கீழே தரையில் செம்மண் மாதிரி பொடி உதிர்ந்திருக்கிறது.

சின்ன அத்தை வாளியை எடுக்க மேலே வந்தார். கொக்கியை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க மாமாவுக்கு ஊஞ்சல்ல படுக்கணுமாம். மில்லுல நின்னு நின்னு காலு போச்சுல்ல, ரிட்டயரானதும் ஊஞ்சல்ல படுத்துக்கிட்டு ரேடியோ கேக்கணும்னு கூரை போடும்போதே கொக்கியப் போட்டுட்டாக. இந்த வருஷம் பூசிருவோம், அடுத்த வருஷம் பூசிருவோம்னு போகுது" என்றார். அவ்வளவுதான். எங்கள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, குத்தலும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மில் பணத்தில் வீடு, மிச்சத்தில் 1,50,000 எங்களுக்கு. வேறு பணம் அவர்களிடம் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று எனக்கு அந்த வெயிலில் நின்றபோதுதான் உறைத்தது. வங்கி எனக்குக் கொடுத்தது யார் யாரோ டெபாசிட் போட்ட பணம், அந்த யாரோ ஒருவரின் ஊஞ்சலும் எனக்குக் கடன் கொடுத்ததால் நிற்கவில்லை. இவர் கொடுத்தது கூரையில் கொக்கி வரைக்கும் வந்துவிட்ட ஒரு ஆசையை. கையில் துணிப்பையோடு விளக்குத்தூணில் நின்று எங்களைப் பார்த்தபோது அவருக்கு அது ஞாபகம் வந்திருக்குமா? வந்திருக்காமலும் இருக்கலாம். "ஓடுதாக்கும்" என்பது அவர் பேச்சுவழக்காகவே இருக்கலாம். ஆனால் எனக்கு இனி அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கடன் கொடுத்தவருக்கு என் சந்தோஷத்தில் பாத்தியதை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அவருடைய சந்தோஷம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன்.

21,000 ரூபாய் விலை

சீட்டுப்பணம் கையில் வந்ததும் வீட்டில் சண்டை. இவர் வேலை பார்ப்பது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்குப்பிள்ளையாக. கணக்கில் என்னால் அவரை ஜெயிக்க முடியாது. "14 பர்சென்ட் ஓடுற கடன விட்டுட்டு, சும்மா கெடக்குற கடனக் கட்டுவாங்களா யாராச்சும்?" என்றார். சீட்டு லட்சம், தீபாவளி போனஸ், அங்கே இங்கே பிடித்தது எல்லாம் சேர்த்து 1,50,000 வங்கியில் கட்டினால், வருஷத்துக்கு வட்டியில் ஏறக்குறைய 21,000 மிச்சம். சித்தப்பாவுக்குக் கொடுத்தால் வட்டியில் ஒரு பைசா மிச்சமில்லை. "அவரு ஒரு நாளாச்சும் கேட்டுருக்காரா?"

கேட்டதில்லை. கேட்காததால்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று நான். முன்கூட்டியே கட்டுவதற்கு வங்கியும் சும்மா விடாது என்று விசாரித்துவைத்ததை எடுத்துவிட்டேன். வீட்டுக்கடன் மாதிரி மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனுக்குத்தான் அபராதம் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது, எங்களுடையது நிலையான வட்டி, கட்டணம் போட்டு அதற்கு ஜி.எஸ்.டி.யும் போடுவார்கள். அது சில ஆயிரம்தான் என்று அவர் சரியாகவே சொன்னார். கணக்கில் நான் தோற்றேன், ஒத்துக்கொண்டேன். பிறகு, "சரி, 21,000 ரூபா விலைன்னே வச்சுக்குவோம். அந்த விலைக்கு மாமாவுக்கு ஊஞ்சலு, நமக்கு திருமங்கலத்துக்கு நல்ல சேலை கட்டிட்டுப் போற சுதந்திரம். வாங்கலாமா வேணாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். எதைத் தட்டினார் என்று தெரியவில்லை. "சித்தப்பாகிட்ட எப்ப வர்றோம்னு நீயே போன் போட்டுச் சொல்லு" என்றார்.

இதை எல்லாருக்கும் விதியாகச் சொல்ல மாட்டேன். கார்டு பாக்கி 42 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது யார் வந்து ஊஞ்சலைக் காட்டியிருந்தாலும் முதலில் கார்டைத்தான் அடைத்திருப்பேன், அந்த நெருப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு யாருக்கும் நல்லது செய்ய முடியாது. 14-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில்தான் மனசு பேச இடமிருக்கிறது.

சின்ன மாமா பணத்தை எண்ணவில்லை. "அவசரமா ஒண்ணும் இல்லையேப்பா" என்று நாலு தடவை சொன்னார், சொல்லிக்கொண்டே பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுவாரமே கொத்தனார் வந்துவிட்டார் என்று சின்ன அத்தை போனில் சொன்னார். சுவருக்குக் கிளிப்பச்சை அடித்திருக்கிறார்கள், கண்ணைக் கூசுகிறது. பலகை தேக்கு, சங்கிலி மட்டும் மதுரையில் வாங்கினது. என் மகன் அதில் நின்று ஆடி, கீழே விழுந்து, முழங்கையில் சிராய்ப்போடு வந்தான்.

இப்போது வீட்டில் அடுத்த விவாதம். வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது. என் தோடும் வளையலும் இன்னும் அடகில்தான், வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறோம். ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன், பிள்ளை இவர் மடியில்தான் உட்கார வேண்டும், சீர் கொண்டுபோக வேண்டும். காது குத்துகிற இடத்தில் அத்தைக்காரி கவரிங் தோட்டோடு நிற்கிறதா என்று நான். 14 ஓடும்போது 9-ஐ எவனாவது அடைப்பானா என்று அவர், இந்தத் தடவை கால்குலேட்டரை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு. புதுச் சீட்டில் அடுத்த மாச ஏலம் எவ்வளவுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம்.